மூணு மணிக்கு மேல் வேலை ஓடவில்லை. அறையை மாற்றினால் சரியாகுமா?

சோமனூர்க்காரி:
திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். முன்பு நூல் மூட்டை அடுக்கியிருந்த அறைதான் என் ஆபீஸ். பத்துக்குப் பன்னிரண்டு, மேலே சிமென்ட் ஷீட், மேற்கே ஒரே ஜன்னல், அதற்கு முதுகு காட்டித்தான் உட்காருகிறேன். கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் தறிக்குடோன். பஞ்சும் சத்தமும் வரக்கூடாது என்று எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஏசி போட்டுக்கொள்கிறேன். காலையில் பத்து பில் ஏற்றுகிற நேரத்தில் மத்தியானம் மூன்றுகூட ஏறுவதில்லை. கொட்டாவிதான். போன மாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, அதாவது மாத விற்பனை விவரக் கணக்கு, போடும்போது ஒரு பார்ட்டியின் ஜிஎஸ்டி எண்ணை இன்னொரு பார்ட்டிக்குப் போட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ராத்திரி அதே மேஜையில் ஆறாவது படிக்கிற பையன், கால் தரையில் எட்டாமல் ஆட்டிக்கொண்டே படிக்கிறான்.

இன்டீரியர்காரர் ஒருவர் ஃபால்ஸ் சீலிங், வால்பேப்பர், லைட் எல்லாம் சேர்த்து 1.65 லட்சம் என்கிறார். நீலம் அடித்தால் கவனம் நிற்குமாம். நான் எந்தப் பக்கம் பார்த்து உட்காருகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. செய்யலாமுங்களா?

பேரூர் மேஸ்திரி:
அம்மிணி, ஃபால்ஸ் சீலிங் ஓரளவு சூட்டைத் தடுக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் ஷீட்டுக்கு மேலே வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள். உள்ளே திரை போட்டுப் பயனில்லை, வெயில் அதற்குள் கண்ணாடியைத் தாண்டி வந்திருக்கும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது தட்டியைச் சுருட்டிவிட்டால் அந்த ஜன்னல் போல வராது.

மேஜையை வடக்குப் பார்த்துத் திருப்புங்கள். வெளிச்சம் இடது பக்கமிருந்து வரும், ஸ்கிரீனில் கூசாது, எழுதுகிற கையின் நிழலும் தாளில் விழாது. மாமியார் கேட்டால் குபேர திசை என்று சொல்லிக்கொள்ளலாம்.

சரவணம்பட்டி ஷிஃப்ட்:
அக்கா, எனக்குச் சாத்திய கதவு மேல்தான் சந்தேகம். ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கிற காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிர வைக்கும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. நாம் விடுகிற கரியமில வாயு அப்படியே தங்கும். ஹார்வர்டில் ஜோசப் ஆலன் குழு 2015இல் இதை ஆராய்ந்து வெளியிட்டது. அந்த வாயு 550 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 550 பங்கு) இருந்த நாளைவிட 1,400 இருந்த நாளில் யோசிக்கும் திறனுக்கான மதிப்பெண் பாதியாகக் குறைந்ததாம். 24 பேரை வைத்துத்தான் செய்தார்கள், அதனால் நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் திறந்துபாருங்கள், காசா பணமா?

பழைய தறிக்காரன்:
சத்தத்துக்குப் பயப்படாதே கண்ணு. ஒரே சீராக ஓடுகிற தறி என் தூக்கத்தையே கெடுத்ததில்லை. தறி நின்றால்தான் எனக்கு முழிப்பு வரும். கவனத்தைக் கெடுப்பது பேச்சுச் சத்தம்தான், காதில் விழுந்தால் என்ன பேசுகிறார்கள் என்று மனசு அங்கே போய்விடும். அதற்காகக் குடோன் சுவரில் வென்டிலேட்டர் இருந்தால் விட்டுவைக்காதே, செங்கல் வைத்து அடைத்துவிடு. முப்பது வருஷம் தறிக்குள்ளேயே நின்றவன் நான், வலது காது மந்தம்.

சோமனூர்க்காரி:
ரொம்ப நன்றிங்க. பெயின்ட், தட்டி, செங்கல், கொத்தனார் கூலி எல்லாம் சேர்த்து 6,400 ஆச்சு. மேஜை வடக்குப் பார்த்துவிட்டது. பையன் காலுக்குக் கீழே பழைய மரப்பெட்டியைக் கவிழ்த்திருக்கிறேன். இந்த மாதம் ஜிஎஸ்டிஆர்-3பி என்கிற வரிக் கணக்கை 20ஆம் தேதி நாலரைக்கே போட்டு முடித்தேன். ஜன்னலைத் திறந்தால் பஞ்சு வரத்தான் செய்கிறது, கீபோர்டைப் பழைய பல் பிரஷால் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்டீரியர்காரர் நேற்றும் கூப்பிட்டார். நீலம் மட்டும் அடிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டு வைத்திருக்கிறேன். கவனத்துக்கு இல்லைங்க, எனக்கு நீலம் பிடிக்கும்.