கென்யா கிரிக்கெட் அணி ஆடிய ஆட்டங்களில் உங்களுக்கு மறக்காதது எது?

புனே, 1996 பிப்ரவரி 29, உலகக் கோப்பை ஆட்டம். இதைத் தவிர வேறெதையும் முதலில் வைக்க மனம் வரவில்லை. டாஸ் வென்ற வெஸ்ட் இண்டீஸ் கென்யாவை முதலில் ஆடச் சொன்னது. ஆம்ப்ரோஸ், வால்ஷ், பிஷப் மூவரும் பந்து வீசியும் கென்யா 166 வரை போனது எப்படி என்று ஸ்கோர்கார்டைப் பாருங்கள். அதிகபட்சம் எடுத்த பேட்ஸ்மேன் ஸ்டீவ் டிக்கோலோ, 29 ரன். உதிரிகள் (மட்டையால் அடிக்காமல் கிடைத்த ரன்கள்) மட்டும் 37! அதில் வைடும் நோபாலும்தான் பெரும்பங்கு. 6 விக்கெட் போன பிறகு ஹிதேஷ் மோடியும் 17 வயது தாமஸ் ஒடோயோவும் நின்று ஆடியிராவிட்டால் அந்த 166-ம் கிடையாது.

வெஸ்ட் இண்டீஸுக்குத் தேவை 167, ஓவருக்கு மூன்றரை ரன்கூட இல்லை. ரிச்சி ரிச்சர்ட்சனை ரஜப் அலி போல்டாக்கினார். அடுத்து லாரா, 8 ரன்னில் அதே ரஜப் அலி பந்தை எட்ஜ் செய்தார். கீப்பர் தாரிக் இக்பால் அன்று பந்தைச் சுத்தமாகப் பிடித்ததே குறைவு. இதையும் தடுமாறித்தான் பிடித்தார், ஆனால் விடவில்லை. அதன் பிறகு மாரிஸ் ஒடும்பேயின் ஆஃப் ஸ்பின்: 10 ஓவர், 3 மெய்டன் (ரன்னே கொடுக்காத ஓவர்), 15 ரன், 3 விக்கெட். ஸ்டம்பை விட்டு விலகாமல் போட்டுக்கொண்டே இருந்தார், அவசரம் எதிரணிக்குத்தான் வந்தது. சந்தர்பால் 19, ஹார்ப்பர் 17, மற்ற யாரும் இரட்டை இலக்கத்தைத் தொடவில்லை. 93-க்கு ஆல் அவுட். 73 ரன் வித்தியாசத்தில் கென்யாவின் முதல் ஒருநாள் வெற்றி.

* * *

புனேயை அதிசயம் என்று சொல்பவர்களுக்காக முன்கதையையும் சேர்க்கிறேன். 1975 உலகக் கோப்பையில் ஆடியது கென்யா அல்ல, கிழக்கு ஆப்பிரிக்கா. கென்யா, உகாண்டா, தான்சானியா, ஜாம்பியா நான்கும் சேர்ந்த அணி, கேப்டன் ஹரிலால் ஷா. லீட்ஸில் இந்தியாவுக்கு எதிராக 120 ரன். பேடி அன்று 12 ஓவரில் 8 மெய்டன் போட்டு 6 ரன்தான் கொடுத்தார். கவாஸ்கரும் இன்ஜினீயரும் விக்கெட் இழக்காமல் முடித்துவிட்டார்கள்.

கென்யா தனியாக ஐசிசி (சர்வதேச கிரிக்கெட் கவுன்சில்) உறுப்பினரானது 1981-ல். அங்கே கிரிக்கெட்டைத் தாங்கி நின்றவை நைரோபி கிளப்புகள்: ஜிம்கானா, ஸ்வாமிபாபா, ஆகா கான், சர் அலி முஸ்லிம் கிளப். பெரும்பாலும் ஆசிய வம்சாவளியினர் நடத்தியவை. அந்த மைதானங்களைச் சுற்றி வளர்ந்த ஆப்பிரிக்கப் பையன்கள் உள்ளே வந்து, குடும்பம் குடும்பமாக அணியை நிரப்பினார்கள். டிக்கோலோ சகோதரர்கள், ஒடும்பே சகோதரர்கள், சுஜி சகோதரர்கள், ஒபுயா சகோதரர்கள். பலம் அதுதான், ஆபத்தும் அதுதான். நாலைந்து வீடுகளையும் ஒரே நகரத்தையும் நம்பி ஒரு தேசிய அணி எத்தனை காலம் ஓடும்?

* * *

என் கணக்கில் திருப்புமுனை கோலாலம்பூர், 1997 ஏப்ரல், உலகக் கோப்பைக்கான தகுதித் தொடரான ஐசிசி டிராபியின் இறுதிப்போட்டி. கென்யா 241/7, அதில் டிக்கோலோ மட்டும் 147. மழை வந்தது, ஆட்டம் மறுநாளுக்குப் போனது, வங்கதேசத்துக்கு 25 ஓவரில் 166 என்று இலக்கு மாறியது. கடைசி ஓவரில் 11 தேவை. மார்ட்டின் சுஜி வீசிய முதல் பந்தை காலித் மசூத் சிக்ஸருக்கு அடித்தார். கடைசிப் பந்தில் ஒரு லெக் பை (காலில் பட்டுப் போன பந்தில் ஓடிய ரன்), வங்கதேசம் 2 விக்கெட்டில் ஜெயித்தது. இரு அணிகளும் 1999 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றன, இரண்டுக்கும் ஒருநாள் அந்தஸ்து வந்தது. ஆனால் 2000-ல் டெஸ்ட் ஆடத் தொடங்கியது வங்கதேசம் மட்டும். அந்த லெக் பையால்தான் டெஸ்ட் போனது என்று சொல்ல மாட்டேன். டாக்காவில் கூடும் கூட்டமும் அதன் பின்னாலிருந்த சந்தையும் நைரோபியில் இல்லை. மைதானத்தில் இரு அணிகளுக்கும் நடுவே இருந்த இடைவெளி ஒரு பந்துதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

1998 மே மாதம் குவாலியரில் கென்யா 265/9 எடுத்து, இந்தியாவை 196-ல் சுருட்டியது. ஒடும்பே 83 ரன், 3 விக்கெட். 2001 அக்டோபரில் போர்ட் எலிசபெத்தில் மறுபடி இந்தியா, முதல்முறை 69 என்றால் இம்முறை 70 ரன் வித்தியாசம். ஒருமுறை என்றால் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கலாம்.

* * *

2003 உலகக் கோப்பை பற்றிப் பேசினாலே "நியூசிலாந்து வராததால் கிடைத்த அரையிறுதி" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

பிரிவு ஆட்டத்தில் வெற்றிக்கு 4 புள்ளி. கென்யா கனடாவையும் இலங்கையையும் வங்கதேசத்தையும் ஆடி ஜெயித்தது: 12. பாதுகாப்பு அச்சத்தால் நியூசிலாந்து நைரோபிக்கு வர மறுத்ததில் 4. மொத்தம் 16. வெஸ்ட் இண்டீஸுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் தலா 14. ஆக, அந்த ஆட்டத்தில் ஆடித் தோற்றிருந்தால் கென்யா 12-ல் நின்று வெளியேறியிருக்கும். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இருவரும் 14-ல் நின்றதற்குக் கென்யா பொறுப்பல்ல. வெஸ்ட் இண்டீஸுக்கு பெனோனியில் வங்கதேச ஆட்டம் மழையில் போனது. தென்னாப்பிரிக்கா டர்பனில் டக்வொர்த் லூயிஸ் தாளை (மழையில் குறைந்த ஆட்டத்துக்கு இலக்கு சொல்லும் கணக்கை) தவறாகப் படித்து, இலங்கையுடன் டையில் முடித்தது.

அடுத்து சூப்பர் சிக்ஸ், அதாவது தகுதி பெற்ற ஆறு அணிகளின் இரண்டாம் சுற்று. பிரிவு ஆட்டத்தில், தன்னோடு தகுதி பெற்ற அணியை வென்றிருந்தால் 4, தகுதி பெறாத அணியை வென்றிருந்தால் 1 என்று புள்ளி இந்தச் சுற்றுக்கும் கூடவே வரும். கென்யாவுக்கு இலங்கைக்காக 4, நியூசிலாந்துக்காக 4, கனடா, வங்கதேசத்துக்காக 2: மொத்தம் 10. புளூம்ஃபான்டைனில் ஜிம்பாப்வேயை 133-ல் மடக்கி 7 விக்கெட்டில் வென்றதும் 14. இலங்கை 11.5-ல் நின்றது, நியூசிலாந்து 8-ல். வாக்கோவர் (எதிரணி வராததால் கிடைத்த வெற்றி) தந்த 4 புள்ளியைக் கழித்தால் கென்யா 10, இலங்கைக்குக் கீழே. அதே சமயம் நைரோபி ஜிம்கானா மைதானத்தில் இலங்கையை வெல்லாமல் இருந்திருந்தால் வாக்கோவரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்திருக்க முடியாது.

அந்த ஆட்டம் பிப்ரவரி 24. கென்யா 210/9, கென்னடி ஒட்டியேனோ 60. முரளி 4/28 (28 ரன்னுக்கு 4 விக்கெட்) எடுத்தபோதே ஆடுகளம் சுழலுக்கு ஒத்துழைப்பது தெரிந்தது. காலின்ஸ் ஒபுயாவிடம் பந்து வந்ததும் பத்து ஓவரையும் தொடர்ந்து வீசவைத்தார்கள். மிதக்கவிட்டு வீசும் லெக் ஸ்பின், 5/24. அரவிந்த டி சில்வா, ஜெயவர்தனே, சங்கக்கார மூவரும் அதில் அடக்கம். இலங்கை 157. அரையிறுதியில் இந்தியாவிடம், கங்குலியின் 111-க்கு முன்னால் கென்யா தோற்றது உண்மை. ஆனால் டெஸ்ட் அந்தஸ்து இல்லாத அணி உலகக் கோப்பை அரையிறுதி வரை வந்தது அதுவே முதல்முறை.

* * *

2003 பற்றி மேலே எழுதியவரே, அதே தொடரில் ஆசிஃப் கரீமின் ஸ்பெல்லை (தொடர்ந்து வீசிய ஓவர்களை) விட்டுவிட்டீர்களே! மார்ச் 15, டர்பன், எதிரணி ஆஸ்திரேலியா. 1999 உலகக் கோப்பையோடு ஓய்வு பெற்றவரைத் திரும்ப அழைத்து வந்திருந்தார்கள், வயது 39. கென்யா 174/8தான், பிரெட் லீ தொடக்கத்திலேயே ஹாட்ரிக் (அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட்). கில்கிறிஸ்ட் 43 பந்தில் 67 அடித்து ஆட்டத்தை முடிக்கும் அவசரத்தில் இருந்தார். பிறகு கரீமின் இடக்கைச் சுழல். பான்டிங் எல்பிடபிள்யூ. லேமன் கீப்பரிடம் கேட்ச். ஹாக், வீசியவரிடமே கேட்ச். 8.2 ஓவர், 6 மெய்டன், 7 ரன், 3 விக்கெட். 50 பந்தில் 7 ரன், அதுவும் அந்த ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. பெரிய சுழல் ஒன்றும் இல்லை. வேகத்தைக் குறைத்து, நேராக, ஒரே இடத்தில் போட்டார். தோற்ற அணியிலிருந்து ஆட்டநாயகன்.

* * *

பின்னால் என்ன ஆனது என்பதையும் எழுதிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. அரையிறுதி ஆடிய அணிக்கு 2004-ல் கிடைத்த ஒருநாள் ஆட்டங்கள் இரண்டு, சாம்பியன்ஸ் டிராபியில். 2005-ல் ஒன்றுகூட இல்லை. அதற்குள் சூதாட்டத் தரகரிடம் பணம் வாங்கியதாக ஒடும்பேக்கு 5 ஆண்டு தடை. சம்பளத் தகராறில் வீரர்கள் ஆட மறுத்தார்கள். பழைய சங்கம் போய் 2005-ல் கிரிக்கெட் கென்யா வந்தது. வார இறுதி கிளப் கிரிக்கெட்டில் மட்டும் ஆடி வளர்ந்தவர்களுக்குப் பல மணி நேரம் நின்று ஆடிப் பழக இடமே இல்லை. பந்து கொஞ்சம் எழும்பினால் வரிசையே சரியும்.

2011 பிப்ரவரி 20, சேப்பாக்கம். நியூசிலாந்துக்கு எதிராக 69-க்கு ஆல் அவுட், 23.5 ஓவரில். எதிரணி 8 ஓவரில் விக்கெட் இழக்காமல் முடித்தது. அன்று ஆடியவர்களில் டிக்கோலோவும் ஒடோயோவும் 1996-லிருந்தே ஆடிக்கொண்டிருந்தவர்கள். 15 ஆண்டுகள் கழித்தும் அவர்கள் இடத்துக்கு வேறு ஆள் இல்லை. 2014-ல் ஒருநாள் அந்தஸ்தே போனது.

அதே 2011-ல் பெங்களூரில் ஆஸ்திரேலியா 324/6. கென்யா ஆல் அவுட் ஆகவில்லை, 264/6. ஒரு முனையில் கடைசிவரை நின்றவர் காலின்ஸ் ஒபுயா. 2003-ல் லெக் ஸ்பின்னராகப் பெயர் பெற்று, பந்துவீச்சு கைவிட்டுப் போனபின் பேட்ஸ்மேனாகத் தன்னை மாற்றிக்கொண்டவர். ஓவர் தீர்ந்தபோது அவர் கணக்கில் 98 நாட் அவுட்.