சிஸ்டம் டைனமிக்ஸ்: யாரை முதலில் படிப்பது?

நொய்யல்கரை:

வணக்கம். பம்ப்செட் செய்யும் கம்பெனி ஒன்றில் உற்பத்தித் திட்டமிடல் பார்க்கிறேன். சீசனில் சரக்கு இல்லை என்று டீலர்கள் சத்தம் போடுவார்கள், ஓவர்டைம் போட்டு ஓட்டுவோம். சில மாதம் கழித்துப் பார்த்தால் குடோனில் கால் வைக்க இடமிருக்காது, ஒப்பந்த ஆட்களை நிறுத்திவிடுவார்கள். கூட்டத்தில் சேல்ஸ் எங்களைச் சொல்லும், நாங்கள் சேல்ஸைச் சொல்வோம்.

போன மாதம் ஒரு பயிற்சி நடந்தது. கம்பெனியை முழு அமைப்பாகப் பார்க்கச் சொல்லும் பீட்டர் செங்கேயின் ‘தி ஃபிஃப்த் டிசிப்ளின்’ புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். பிடித்திருந்தது. ஆனால் ஆர்டர் போடும் தாளில் நான் எதை மாற்றுவது என்று அதிலிருந்து எனக்குப் பிடிபடவில்லை. இதற்குப் பின்னால் சிஸ்டம் டைனமிக்ஸ் என்று ஒரு துறை இருக்கிறதாம், அதை உருவாக்கிய பேராசிரியர்கள் யார்? எங்கிருந்து தொடங்கலாம்?

பழைய வாத்தியார்:

நீங்கள் சொல்கிற இதே நோயிலிருந்துதான் தம்பி இந்தத் துறையே பிறந்தது. நாம் எடுக்கும் முடிவு தாமதமாகத் திரும்பி வந்து நம்மையே எப்படி ஆட்டுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் சிஸ்டம் டைனமிக்ஸ். ஜே ஃபாரஸ்டர் எலெக்ட்ரிக்கல் எஞ்சினியர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் வேர்ல்விண்ட் என்ற ஆரம்பகாலக் கம்ப்யூட்டரை உருவாக்கிய குழுவின் தலைவர். 1956ல் அங்கேயே மேலாண்மைப் பள்ளிக்கு மாறினார். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி ஆட்கள் அவரிடம் கென்டக்கியில் இருந்த தங்கள் ஆலைகளைப் பற்றிச் சொன்னார்கள்: வீட்டு உபயோகச் சாதனம் செய்யும் ஆலைகள், சில சமயம் மூன்று நான்கு ஷிஃப்ட் ஓடும், சில வருடத்தில் பாதிப்பேருக்கு வேலை போய்விடும். சந்தை ஏறி இறங்குகிறது என்பதுதான் எல்லோரும் சொன்ன காரணம். ஃபாரஸ்டர் நோட்டும் பென்சிலும் எடுத்தார். இருப்பு, ஆட்கள், ஆர்டர் என்று பத்தி போட்டு, மேலாளர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று கேட்டு, வாரா வாரம் கணக்குப் போட்டுக்கொண்டே போனார். வெளியிலிருந்து வரும் ஆர்டர் மாறாமல் இருந்தாலும் உள்ளே இருக்கும் முடிவு விதிகளாலேயே ஆலை அலைபாயும் என்று அந்தக் கணக்கு காட்டியது. 1961ல் வந்த ‘இண்டஸ்ட்ரியல் டைனமிக்ஸ்’ அந்த வழியில் எழுந்த நூல்.

செங்கே அதே எம்.ஐ.டி. மரபில் வந்தவர்தான். 1990ல் அவர் புத்தகம் வந்த பிறகுதான் பல கம்பெனிகளில் இந்தப் பேச்சே நுழைந்தது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் எது எதைப் பாதிக்கிறது என்று அம்புக்குறி போட்டு வட்டம் வரைவதோடு பயிற்சிகள் நின்றுவிடுகின்றன. எண்களைப் போட்டு ஓட்டிப் பார்க்கும் மாதிரி (மாடல்) இல்லாத வெறும் சிந்தனை போதாது என்று ஃபாரஸ்டரே எழுதியிருக்கிறார். நான் அவர் கட்சி.

ஆகவே நீங்கள் முதலில் பிடிக்க வேண்டியது எம்.ஐ.டி. பேராசிரியர் ஜான் ஸ்டெர்மனை. 2000ல் வந்த ‘பிசினஸ் டைனமிக்ஸ்’ ஆயிரம் பக்கத்தை நெருங்கும், முழுதும் வேண்டாம். அவருடைய 1989 கட்டுரை பீர் விளையாட்டைப் பற்றியது, அதாவது பீர் பெட்டிகளை ஆர்டர் போட்டு அனுப்பும் வியாபாரத்தை மேசையில் நடித்துப் பார்ப்பது, அதைப் படியுங்கள். படிப்பதைவிட விளையாடுங்கள். நீள மேசையில் சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, டிஸ்ட்ரிப்யூட்டர், ஆலை என்று நான்கு இடம். பேசக்கூடாது, ஆர்டர் சீட்டை மட்டும் கவிழ்த்து நகர்த்த வேண்டும். சீட்டு போய்ச் சேரவும் நாள் ஆகும், சரக்கு வரவும் நாள் ஆகும். கையிருப்புக்கு வாரம் பெட்டிக்கு அரை டாலர், கொடுக்காமல் பாக்கி வைத்தால் ஒரு டாலர்.

கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் முகம் மாறும். பாக்கி ஏறும், ஆர்டரைக் கூட்டுவார், அடுத்தவர் இன்னும் கூட்டுவார், ஆலைக்காரர் தலையில் கை வைப்பார். அப்புறம் எல்லாச் சரக்கும் ஒரே சமயத்தில் வந்து குவியும். முடிந்ததும் வாடிக்கையாளர் எவ்வளவு கேட்டிருப்பார் என்று வரையச் சொன்னால், கடையில் இருந்தவரைத் தவிர மற்றவர்கள் மலையும் பள்ளமுமாக வரைவார்கள். உண்மையில் வாரம் 4 பெட்டி, ஐந்தாவது வாரத்தில் 8, கடைசிவரை அதே 8. ஸ்டெர்மன் அளந்ததில் அணிகளின் செலவு, நல்ல விதி ஒன்றைப் பின்பற்றினால் ஆகும் செலவைப்போலச் சராசரியாகப் பத்து மடங்கு.

ஷிஃப்ட் பி:

மெயின்டனன்ஸ் ஆள் நான். வாத்தியார் சொன்னதோடு, ஸ்டெர்மனும் நெல்சன் ரெபெனிங்கும் சேர்ந்து 2001ல் எழுதிய கட்டுரையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நடக்காமல் தடுத்த பிரச்சினைக்கு யாருக்கும் பேர் கிடைப்பதில்லை என்பதே அதன் தலைப்பின் பொருள். பராமரிப்பு நேரத்தை வெட்டினால் இந்த மாதம் உற்பத்தி கூடும், எல்லோரும் கைதட்டுவார்கள். மெஷின் மெல்ல மெல்லக் கெடுவதும் பிறகு படுப்பதும் யார் கணக்கிலும் வராது. நான் தினமும் பார்ப்பதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நொய்யல்கரை:

நன்றி சார், நன்றி அண்ணா. இதைக் கம்பெனியில் சொன்னால் கேட்பார்களா என்பதுதான் பயம். யாருக்கும் தெரியாத விஷயமும் இல்லை. கூட்டத்தில் மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை.

பழைய வாத்தியார்:

அதற்கு வேறொருவர் இருக்கிறார், கிறிஸ் ஆர்ஜிரிஸ். ஹார்வர்டில் இருந்தவர். எம்.ஐ.டி.யின் டொனால்ட் ஷோனுடன் சேர்ந்து 1978ல் நிறுவனக் கற்றல் பற்றிப் புத்தகம் எழுதினார். தெர்மோஸ்டாட் அறை குளிர்ந்தால் சூடேற்றும், அது ஒற்றைச் சுழல் கற்றல். ஏன் இந்த அளவில் வைத்திருக்கிறோம் என்று அது கேட்டால் இரட்டைச் சுழல் என்றார். 1991ல் எழுதிய கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்டது நன்றாகப் படித்த ஆலோசகர்களை. தோற்றே பழகாதவர்களுக்குத் தோல்வியிலிருந்து கற்கத் தெரியவில்லை, உடனே பழியை வெளியே தள்ளுகிறார்கள் என்று காட்டினார். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த மனிதர் அவர்தான்.

அவர் தந்த பயிற்சி ஒன்றை நீங்கள் தனியாகவே செய்யலாம். தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். வலப்பக்கம் போன கூட்டத்தில் நீங்களும் சேல்ஸ் மேலாளரும் பேசியது. இடப்பக்கம் அதே நேரத்தில் மனதில் நினைத்தும் சொல்லாமல் விட்டது. எழுதியதை உங்கள் மேலாளரிடம் நீட்ட வேண்டாம். சொல்லாமல் விட்டதில் எந்த ஒரு வரியைக் கேள்வியாக மாற்றிக் கேட்டிருக்கலாம் என்று மட்டும் பாருங்கள்.

ஆர்டர் தாளுக்கு ஸ்டெர்மனின் விதி: எதிர்பார்க்கும் விற்பனை, அதோடு இருப்பில் உள்ள குறையில் ஒரு பகுதி, அதோடு வழியில் இருக்க வேண்டிய சரக்குக்கும் உண்மையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதி. விளையாடியவர்கள் பெரும்பாலும் மூன்றாவதைத்தான் கோட்டைவிட்டார்கள். ஏற்கெனவே ஆர்டர் போட்டு இன்னும் வராத சரக்கை மறந்துவிட்டு மறுபடி அதையே கேட்டார்கள். உங்கள் தாளில் வராத சரக்குக்குத் தனிப் பத்தி இல்லையென்றால் இந்த வாரமே சேர்த்துவிடுங்கள், டீலர்களின் நிலுவையையும் கேட்டு வாங்குங்கள். கணினியில் ஓட்டிப் பார்க்க வென்சிம் மென்பொருளின் கற்போர் பதிப்பு படிப்புக்கும் சொந்தப் பழக்கத்துக்கும் இலவசம். எம்.ஐ.டி.யின் திறந்த பாடத் தளத்தில் ஸ்டெர்மனின் பாடக் குறிப்புகளும் இருக்கின்றன. மாதிரி வரைந்ததும் இங்கே போடுங்கள், தாமதங்களைச் சரியாக வைத்திருக்கிறீர்களா என்று பார்த்துச் சொல்கிறேன்.