ஜாங்கோ டாக்ஸ் திருத்தம்: லோக்கல்ல பில்ட் ஆகுது, கிட்ஹப்ல சிவப்பு. அவசரம், உதவுங்க

பட்டர்வொர்த்_பையன் | வெள்ளி, இரவு 10.48

வணக்கம். ஜாங்கோங்கிற பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்கோட டாக்ஸ்ல (ஆவணங்கள்ல) ஒரு பக்கத்தைத் திருத்தி, கிட்ஹப்ல பிஆர் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கச் சொல்ற கோரிக்கை) போட்டேன். என் கணினியில "மேக் எச்டிஎம்எல்" (பக்கங்களை பில்ட் பண்ற, அதாவது உருவாக்குற கட்டளை) அடிச்சா ஓடுது, பக்கமும் சரியா திறக்குது. ஆனா கிட்ஹப்ல தானா ஓடுற செக் சிவப்பு, அதாவது தோல்வி. மூணு தடவை மறுபடி புஷ் பண்ணிட்டேன், அதே சிவப்புதான். லாக்ல கடைசி வரி: "ப்ராசஸ் கம்ப்ளீட்டட் வித் எக்சிட் கோட் 1". நாளைக்குள்ள முடிக்கணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க லா.

செந்தூல்_நிரலர் | 10.55

எக்சிட் கோட் 1னா ஏதோ ஒண்ணு தோத்துப்போச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். அதுக்கு மேல இருக்கிற வரிங்கதான் வேணும். தம்பி, இதெல்லாம் சொல்லுங்க: எந்தப் பக்கம்? எந்த பிராஞ்ச்ல (கோடோட கிளையில) இருந்து பிரிச்சீங்க? கணினி ஆப்பிள் மேக்கா, விண்டோசா, லினக்சா? சிவப்பா இருக்கிறது "டாக்ஸ்" ஜாபா, இல்ல "பிளாக்கன்-டாக்ஸ்" ஜாபா? ரெண்டும் வேற வேற விஷயத்தைப் பாக்குது.

ஆயர்ஈத்தாம்_எழுத்து | 11.02

கண்டிப்பா பிளாக்கன்-டாக்ஸா இருக்கும். டாக்ஸ்ல இருக்கிற பைத்தான் துண்டுங்களையும் அது பிளாக்ங்கிற கோட் ஒழுங்குக் கருவியோட முறைப்படி சரிபாக்கும். "கோட்-பிளாக்" டைரக்டிவ் போட்ட துண்டு மட்டும் இல்ல, வரிக்கடைசியில ரெண்டு முக்காற்புள்ளி வச்சு கீழ உள்தள்ளி எழுதுறோமே, அதையும் சேர்த்துதான். ஒற்றை மேற்கோள் போட்டிருந்தா இரட்டை மேற்கோளா மாத்தச் சொல்லும். அடைப்புக்குறியை மூட மறந்திருந்தா துண்டைப் படிக்கவே முடியலன்னு சொல்லும். டாக்ஸ் ஃபோல்டர்ல "மேக் பிளாக்" அடிங்க, ஃபைலையே திருத்திடும். அப்புறம் "கிட் டிஃப்"ல என்ன மாறிச்சுன்னு பாருங்க.

கோம்பாக்_கமிட் | 11.06

முதல் பிஆரா? முதல் தடவை பங்களிக்கிறவங்களுக்கு பராமரிப்பாளர் ஒருத்தர் அனுமதி கொடுத்தாதான் செக்கே ஓடும். அதுக்குக் காத்திருக்கீங்களோ?

செந்தூல்_நிரலர் | 11.09

அனுமதிக்குக் காத்திருந்தா எக்சிட் கோட் வராது. ஓடி முடிச்சுத்தான் தோத்திருக்கு.

பழைய_பாம்பு | 11.20

எழுத வர்றதுக்கு முன்னாடி பங்களிப்புக் கையேட்டைப் படிக்கணும். அதுல எல்லாம் இருக்கு. நீங்க தளத்துல பாத்த பக்கம் ஸ்டேபிள் (வெளியான பதிப்போட) பிராஞ்ச்ல இருந்து பில்ட் ஆனது. அதே பிராஞ்ச்ல இருந்து பிரிச்சிருப்பீங்க, புதுசா வர்ற எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க. பிஆர் எப்பவும் மெயினுக்குத்தான் (புது வேலை நடக்குற பிராஞ்சுக்கு) போகணும். ரொம்ப சிம்பிளான விஷயம். பிராஞ்சை மாத்துங்க, சிவப்பு போயிடும்.

பட்டர்வொர்த்_பையன் | 11.34

மன்னிக்கணும், விவரம் விட்டுட்டேன். ஆப்பிள் மேக், எம்2 சிப். பக்கம்: டாக்ஸ், ரெஃப், மாடல்ஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற குவெரிசெட்ஸ் டெக்ஸ்ட் ஃபைல். ப்ரீஃபெட்ச்_ரிலேட்டட் பகுதியில ஒரு பத்தியும் ஒரு உதாரணமும் சேர்த்தேன். பிராஞ்ச்: ஸ்டேபிள்/5.2.எக்ஸ், ஏன்னா எங்க ப்ராஜெக்ட் 5.2ல ஓடுது. சிவப்பு டாக்ஸ் ஜாப்லதான், பிளாக்கன் பச்சை.

இன்னொண்ணு. முதல் புஷ்ல "க்யூஎஸ்", "பிஹேவியர்" ரெண்டு சொல்லும் ஸ்பெல்லிங் தப்புன்னு வந்துச்சு. ஸ்பெல்லிங்_வேர்ட்லிஸ்ட் ஃபைல் கடைசியில ரெண்டையும் சேர்த்துட்டேன். அந்த எரர் போச்சு. சிவப்பு போகல.

பிரிக்பீல்ட்ஸ்_மேக் | 11.41

எம்2ன்னு இப்பதான் சொல்றீங்க. "மேக் ஸ்பெல்லிங்" உங்க கணினியில ஓடுதா? ஓடாதுன்னு நினைக்கிறேன். ஸ்பெல்லிங் பாக்குற பைஎன்சான்ட் லைப்ரரிக்கு அடியில என்சான்ட்னு ஒரு சி லைப்ரரி வேணும். ஆப்பிள் சிப் மேக்ல ஹோம்ப்ரூ (மென்பொருள் நிறுவுற கருவி) அதை ஆப்ட்/ஹோம்ப்ரூ ஃபோல்டருக்குள்ள வைக்கும், பழைய இன்டெல் மேக்ல யுஎஸ்ஆர்/லோக்கல். பைத்தான் தளத்துல இருந்து இறக்கின பைத்தான் புது இடத்துல தேடாது, அதனால "என்சான்ட் சி லைப்ரரி கிடைக்கல"ன்னு நின்னுடும்.

வழி: முதல்ல "ப்ரூ இன்ஸ்டால் என்சான்ட்". அப்புறம் பைஎன்சான்ட்_லைப்ரரி_பாத்ங்கிற சூழல் மாறிக்கு ஆப்ட்/ஹோம்ப்ரூ/லிப் உள்ள இருக்கிற லிப்என்சான்ட்-2 டைலிப் ஃபைலோட முழுப் பாதையைக் கொடுங்க. மாறியோட பேர் முழுக்கப் பெரிய எழுத்துல இருக்கணும். டெர்மினலை மூடித் திறந்தாலும் நிக்கணும்னா இசட்எஸ்எச்ஆர்சி ஃபைல்ல எழுதிடுங்க.

பட்டர்வொர்த்_பையன் | 11.52

ஆமா அண்ணே, அதே எரர்தான் வந்துச்சு. அதான் மேக் எச்டிஎம்எல் மட்டும் ஓட்டினேன். இப்ப நீங்க சொன்னபடி செஞ்சு ஸ்பெல்லிங் ஓடுது, தப்பு எதுவும் காட்டல. கிட்ஹப் இன்னும் சிவப்பு.

பழைய_பாம்பு | சனி, 12.03

பிராஞ்சை மாத்தாம வேற எல்லாத்தையும் செய்றீங்க.

செந்தூல்_நிரலர் | 12.15

பிராஞ்சை மாத்தணும், அது சரி. ஆனா அது இந்தச் சிவப்புக்குக் காரணம் இல்ல. தப்பான பிராஞ்ச்ல இருந்தாலும் ஸ்பிங்க்ஸ் (டாக்ஸைப் பக்கங்களா மாத்துற கருவி) பில்ட் ஆகத்தான் செய்யும்.

தம்பி, கிட்ஹப்ல டாக்ஸ் ஜாப் ஓட்டுறது நீங்க ஓட்டுற கட்டளை இல்ல. அங்க ஸ்பிங்க்ஸ் ஸ்பெல்லிங் பில்டரை பெரிய டபிள்யூ கொடியோட (கட்டளை கூடச் சேர்க்கிற விருப்பம்) ஓட்டுது. வார்னிங் ஒண்ணு வந்தாலும் எரரா எடுத்துக்கோன்னு அர்த்தம். கூடவே சின்ன என் கொடியும் இருக்கு, எங்கேயும் போய்ச் சேராத குறிப்பு இணைப்புங்களையும் அது பிடிச்சுடும். உங்க "மேக் எச்டிஎம்எல்"ல அந்தப் பெரிய டபிள்யூ இல்ல. வார்னிங் இருந்தாலும் "பில்ட் சக்சீடட்"னு முடிச்சுடும்.

இன்னும் ஒரு குழி இருக்கு. ஸ்பிங்க்ஸ் ஒரு தடவை படிச்ச ஃபைலை _பில்ட் ஃபோல்டருக்குள்ள சேமிச்சு வச்சுக்கும். ஃபைல் மாறலன்னா மறுபடி படிக்காது, அதைப் படிக்கிறப்ப வந்த வார்னிங்கும் மறுபடி வராது. முதல் ஓட்டத்துல மஞ்சளா ஏதோ ஓடிப் போயிருக்கும், அடுத்த ஓட்டம் சுத்தமா தெரியும். இப்ப ஓட்டின மேக் ஸ்பெல்லிங்கும் அதனாலதான் சுத்தமா இருக்கு.

டாக்ஸ் ஃபோல்டர்ல முதல்ல "மேக் கிளீன்". அப்புறம் மேக் எச்டிஎம்எல் பின்னால ஸ்பிங்க்ஸ்ஆப்ட்ஸ் மாறிக்கு பெரிய டபிள்யூ, சின்ன என், கீப்-கோயிங் மூணையும் கொடுத்து ஓட்டுங்க. கீப்-கோயிங் இருந்தா முதல் வார்னிங்லயே நிக்காது, எல்லாத்தையும் காட்டும். முழு பில்ட், கொஞ்ச நேரம் ஆகும். குவெரிசெட்ஸ் பேரோட வர்ற ஒவ்வொரு வரியையும் இங்க போடுங்க.

ஆயர்ஈத்தாம்_எழுத்து | 12.21

அது ஓடட்டும். அதுக்குள்ள ஒண்ணு கேக்குறேன்: "பிஹேவியர்" எப்படி ஸ்பெல்லிங் தப்பாகும்? எஸ்பிஎம் (மலேசியாவுல பள்ளி முடிக்கிற தேர்வு) வரைக்கும் யு எழுத்து போட்டுத்தானே எழுதினோம். "கலர்", "லைசன்ஸ்" எல்லாமே பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல்தான். அதை லிஸ்ட்ல சேர்த்தா என்ன தப்பு?

பழைய_பாம்பு | 12.26

கன்சாஸ்ல லாரன்ஸ் ஊர்ப் பத்திரிகை ஆபீஸ்ல பிறந்து 2005ல வெளியான ஃப்ரேம்வொர்க் இது. ஆரம்பத்துல இருந்தே அமெரிக்கன் கூட்டல். ஸ்பெல்லிங் மொழி ஈஎன்_யுஎஸ்னு கான்ஃப் ஃபைல்லயே எழுதியிருக்கு. கையேட்டுல "கஸ்டமைஸ்", "இனிஷியலைஸ்" மாதிரிச் சொல்லுங்களுக்கு எஸ் வேண்டாம், இசட் போடுங்கன்னு தனியா சொல்லியிருக்கு. நம்ம பள்ளிக்கூட இங்கிலீஷ் அங்க செல்லாது.

ஆயர்ஈத்தாம்_எழுத்து | 12.33

உலகம் முழுக்க ஆளுங்க எழுதுற டாக்ஸ்ல ஒரு நாட்டுக் கூட்டலை மட்டும் ஏத்துக்கிறது எனக்குச் சரியாப் படல. ரெண்டையும் அனுமதிக்கலாமே?

பிரிக்பீல்ட்ஸ்_மேக் | 12.37

தேடல்னு ஒண்ணு இருக்கே அக்கா. யு இல்லாம தேடுறவருக்கு யு போட்ட பக்கம் கண்ணுல படாது. ஒரே பக்கத்துல ரெண்டு கூட்டல் இருந்தா பிறகு திருத்த வர்றவர் எதைப் பின்பற்றுறது? எந்தக் கூட்டல்ங்கிறதை விட ஒரே கூட்டலா இருக்கிறது முக்கியம். மேக்ல மொழி பிரிட்டிஷ் இங்கிலீஷ்னு இருந்தா தானே யு சேர்த்துடும், எடிட்டர்ல அமெரிக்கன் இங்கிலீஷ் வச்சுட்டா இந்தத் தொல்லை வராது.

ஆயர்ஈத்தாம்_எழுத்து | 12.40

தேடல் விஷயம் சரி, ஒத்துக்கிறேன். ஆனா பாம்பு அண்ணே, அதே கையேட்டுல இன்னொரு வரியும் இருக்கு. "ஈசிலி", "சிம்ப்ளி", "ஜஸ்ட்" மாதிரி, ஒரு வேலையோட கஷ்டத்தைக் குறைச்சுக் காட்டுற சொல்லுங்களைத் தவிர்க்கச் சொல்லுது. திணறிக்கிட்டு இருக்கிறவர் அதைப் படிச்சா தனக்கு மட்டும்தான் புரியலன்னு நினைச்சுக்குவார். புதுசா வந்த பிள்ளைகிட்ட "ரொம்ப சிம்பிள்"னு சொல்றதும் அதேதான்.

பழைய_பாம்பு | 12.46

கையேடு டாக்ஸ் எழுத, இங்க பேச இல்ல. இருந்தாலும் சரி.

பட்டர்வொர்த்_பையன் | 12.58

வார்னிங் வந்துச்சு! மூணு வரி, மூணும் குவெரிசெட்ஸ். "டிஃபால்ட் ரோல் யூஸ்ட்"னு ஆரம்பிச்சு, "கோடுக்கு ரெண்டு பேக்டிக் போட நினைச்சீங்களா, இல்ல இணைப்புக்கு அண்டர்ஸ்கோர் விட்டுட்டீங்களா"ன்னு கேக்குது. புரியல. பேக்டிக் போட்டுத்தானே எழுதியிருக்கேன்?

செந்தூல்_நிரலர் | 1.07

கிடைச்சுடுச்சு. நீங்க மார்க்டவுன் பழக்கத்துல `வெஜ்_க்யூஎஸ்` மாதிரி ஒற்றை பேக்டிக் போட்டிருக்கீங்க. இந்த டாக்ஸ் மார்க்டவுன் இல்ல, ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட். ஃபைல் பேர் டெக்ஸ்ட்னு முடியறதால நிறைய பேர் கவனிக்கிறதில்ல. இதுல கோடுக்கு ``வெஜ்_க்யூஎஸ்`` மாதிரி முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு. ஒற்றை பேக்டிக்னா "டிஃபால்ட் ரோல்", அதாவது என்ன வகைன்னு சொல்லாத குறியீடு. ஜாங்கோ அதுக்குன்னே ஒரு ரோல் எழுதி, யாராவது பயன்படுத்தினா வார்னிங் கொடுக்கிற மாதிரி வச்சிருக்கு.

உங்க ஸ்பெல்லிங் எரரும் இங்க இருந்துதான் வந்துச்சு. அந்த ரோல் வார்னிங் கொடுத்துட்டு உள்ள இருக்கிறதைச் சாதாரண உரையா விட்டுடும். ஸ்பெல்லிங் செக் உரையை மட்டும் பாக்கும், இரட்டை பேக்டிக்குள்ள இருக்கிற கோடைத் தொடாது. அதனால "க்யூஎஸ்" ஒரு இங்கிலீஷ் சொல்லா அது கண்ணுல பட்டு தப்பாச்சு. லிஸ்ட்ல சேர்த்ததால அறிகுறி மட்டும் மறைஞ்சது, நோய் அப்படியே இருந்துச்சு. ரெண்டு சொல்லையும் லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க. அது அகரவரிசையில இருக்கிற லிஸ்ட், உண்மையான கலைச்சொல்லுக்கு மட்டும். "பிஹேவியர்"ல யுவை எடுங்க.

ப்ரீஃபெட்ச்_ரிலேட்டட் மாதிரி ஜாங்கோவோட சொந்தப் பேர் வர்ற இடத்துல வெறும் கோடா எழுதாம மெத் ரோல் போட்டா அந்தந்தப் பக்கத்துக்கு இணைப்பாகிடும். உள்ள பேருக்கு முன்னாடி அலைக்குறி வச்சா முழுப் பாதை தெரியாது, கடைசிப் பேர் மட்டும் தெரியும். ஒரே பத்தியில அதே பேர் நாலு தடவை வந்தா முதல் தடவை மட்டும் இணைப்பு போதும்னு நான் நினைக்கிறேன், படிக்கிறவர் கண்ணுக்கு நல்லது.

கோம்பாக்_கமிட் | 1.15

பிராஞ்ச் வேலையும் பாக்கி இருக்கு. பிஆர் பக்கத்துல பேஸை மெயின்னு மாத்தினா மட்டும் போதாது. ஸ்டேபிள் பிராஞ்ச்ல இருக்கிற பேக்போர்ட் (மெயின்ல இருந்து வெளியான பதிப்புக்குக் கொண்டுபோன) கமிட் எல்லாம் உங்க பிஆருக்குள்ள வந்து நிக்கும். உங்க கமிட்டை மட்டும் பெயர்த்து எடுக்கணும்: "கிட் ஃபெட்ச் அப்ஸ்ட்ரீம்", அப்புறம் "கிட் ரீபேஸ் --ஆன்டு அப்ஸ்ட்ரீம்/மெயின் அப்ஸ்ட்ரீம்/ஸ்டேபிள்/5.2.எக்ஸ்", அதுக்குப் பின்னால உங்க பிராஞ்ச் பேர். முடிச்சதும் "ஃபோர்ஸ்-வித்-லீஸ்" போட்டு புஷ். பிறகு பேஸை மாத்துங்க.

ரீபேஸுக்கு முன்னாடி மெயின்ல அந்தப் பத்தி இப்ப எப்படி இருக்குன்னு பாருங்க. வேற யாராவது ஏற்கனவே திருத்தியிருக்கலாம்.

பழைய_பாம்பு | 1.22

மெயின்ல சேர்ந்தா 5.2 பக்கத்துலயும் வந்துடும்னு எதிர்பாக்காதீங்க. டாக்ஸ் திருத்தத்தைப் பேக்போர்ட் பண்றது சேர்க்கிறவரோட வேலை, பெரும்பாலும் கடைசியா வெளியான பதிப்பு வரைக்கும்தான் போகும். நீங்க தனியா இன்னொரு பிஆர் போட வேண்டாம். புது வசதியைப் பத்தி எழுதலன்னா வெர்ஷன்ஆடட் டைரக்டிவும் (எந்தப் பதிப்புல வந்துச்சுன்னு காட்டுறது) வேண்டாம்.

கமிட் செய்தி இறந்தகால வினையில ஆரம்பிச்சு முற்றுப்புள்ளியில முடியணும். எழுத்துப்பிழை மாதிரிச் சின்னத் திருத்தத்துக்கு டிக்கெட் தேவையில்ல. உங்களுது புதுப் பத்தி, உதாரணமும் இருக்கு. டிராக்ல (ஜாங்கோவோட டிக்கெட் தளம்) ஏற்கனவே டிக்கெட் இருக்கான்னு தேடிப் பாத்துட்டு, இருந்தா "ஃபிக்ஸ்ட்" போட்டு அதோட எண்ணைச் சேருங்க. தேடுறதுல சந்தேகம் வந்தா இங்கயே கேளுங்க, பாத்துச் சொல்றேன்.

பட்டர்வொர்த்_பையன் | சனி, காலை 9.40

பச்சை. மூணு இடத்துலயும் ஒற்றை பேக்டிக்தான். ரீபேஸ்ல ஒரு கான்ஃப்ளிக்ட், சரி பண்ணிட்டேன். எல்லாருக்கும் நன்றி. பசியாறிட்டு டிக்கெட் தேடுறேன்.

ஆயர்ஈத்தாம்_எழுத்து | 9.52

நல்லது தம்பி. உதாரணத்துல மாறிப் பேரை வெஜ்_க்யூஎஸ்னு விடாதீங்க. அந்தப் பகுதியில ஏற்கனவே வெஜிடேரியன்_பீட்சாஸ்னு ஒரு மாறி இருக்கு, அதையே எடுத்துக்குங்க. படிக்கிறவர் புதுப் பேர் ஒண்ணைச் சுமக்க வேண்டாம்.

கோம்பாக்_கமிட் | மாலை 6.10

டிக்கெட் கிடைச்சுதா?