கழிவுநீர்க் குழாய் ஒரே இடத்தில் உறைந்துபோகிறது, உதவி தேவை

பராமரிப்புப்_பணியாளர்:
அண்டார்டிகாவில் பாறைமேல் நிற்கும் ஓர் ஆய்வு நிலையத்தில் கட்டடப் பராமரிப்பு என் பொறுப்பு. ஜூலை மாதம்; வெளியே மைனஸ் 28. சமையலறை, குளியலறைத் தண்ணீரைச் சுத்திகரிப்புக் கொட்டகைக்குக் கொண்டுபோகும் 14 மீட்டர் குழாய் மூன்று வாரத்தில் ஐந்து முறை உறைந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் மூன்றாவது தாங்கி அருகில்தான். ஹீட்டர் கேபிள் பெட்டியில் விளக்கு எரிகிறது, சுவரோரம் குழாயைத் தொட்டால் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. அடுத்த கப்பல் டிசம்பரில்தான் வரும். ஊதுவிளக்கால் உருக்கிவிடலாம் என்கிறார் உடன் இருப்பவர். செய்யலாமா?

பழைய_பிளம்பர்:
வேண்டாம் தம்பி, ஊதுவிளக்கை வெளியிலேயே எடுக்காதீர்கள். அங்கே காற்று வறண்டு கிடக்கிறது. பற்றினால் அணைக்கத் தண்ணீருக்கு எங்கே போவீர்கள்? 2012 பிப்ரவரியில் பிரேசிலின் கொமாந்தாந்தே ஃபெராஸ் நிலையத்தில் இயந்திர அறைப் பக்கம் பிடித்த தீயில் இருவர் இறந்தார்கள். புதுக் கட்டடம் திறக்க 2020 ஆகிவிட்டது. மெல்லிய ஹோஸைக் குழாய்க்குள் நுழைத்து வெந்நீர் விடுங்கள், மெதுவாக இளகும். தெர்மோஸ்டாட் உணரி எங்கே கட்டியிருக்கிறது? குழாயின் வாட்டம், அதாவது சரிவு, சரியா?

பராமரிப்புப்_பணியாளர்:
உணரி சுவரை ஒட்டி இருக்கிறது, ஐயா. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது தாங்கியில் ஒரு விரல் அளவு தொய்வு.

மின்_வேலை:
அப்படியானால் விளக்கை நம்பாதீர்கள். பெட்டிவரை மின்சாரம் வந்ததைத்தான் அது சொல்கிறது. சுவரோரம் அறைச் சூடு படுவதால் உணரி 'போதும்' என்று கேபிளை நிறுத்திவிடும், நடுக்குழாய் குளிரில் கிடக்கும். உணரியைத் தொய்வு உள்ள இடத்துக்கு மாற்றிக் கட்டுங்கள். தாங்கியின் இரும்பு கிளாம்ப் குழாயை நேரடியாகத் தொட்டால் இடையில் ரப்பர் வையுங்கள். இரும்பு சூட்டை இழுத்துக்கொள்ளும்.

பழைய_பிளம்பர்:
இன்னொன்று. எங்காவது சொட்டுகிறதா? குடம் குடமாகக் கொட்டினால் உறைவதற்குள் ஓடிவிடும். சொட்டுச் சொட்டாகப் போகும் தண்ணீர்தான் படலம் படலமாகப் படிந்து குழாயையே அடைத்துவிடும். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும் இடங்களில் இந்தத் தொல்லை கூடுதல். தென்துருவத்து அமுண்ட்சன்-ஸ்காட் நிலையத்தில் பனியை உருக்கித்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். குளியலே வாரத்துக்கு இரண்டு முறை, இரண்டிரண்டு நிமிடம். நீங்கள் கழிவுநீரை உள்ளேயே ஒரு பீப்பாயில் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள்.

பராமரிப்புப்_பணியாளர்:
பதினொரு நாளாக அடைப்பு இல்லை! உணரியை மாற்றினேன், தாங்கியை ஆப்பு வைத்து உயர்த்தினேன், பீப்பாயைக் காலையும் இரவும் திறக்கிறோம். சொட்டும் கிடைத்தது. தண்ணீர் வரும் குழாய் உறைந்துவிடக் கூடாதென்று சமையல்காரர் இரவெல்லாம் குழாயைச் சற்றே திறந்து வைத்திருந்தார். மலைப்பக்கத்து ஊர்க்காரர், அங்கே அப்படித்தான் செய்வார்களாம். அவர் கணக்கும் தவறில்லை. இப்போதைக்குக் குழாய்க்கு அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு வந்தேன். டிசம்பரில் கப்பல் வரும்வரை அவர் கையால்தான் சாப்பிட வேண்டும்.