பொழுது சாய்ந்தால் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார், என்ன செய்வது?

வணக்கம். நாங்கள் காவேரிப்பட்டணம் பக்கம். என் வீட்டுக்காரருக்கு 72 வயது, 2022ல் அல்சைமர் என்ற மறதி நோய் என்று சொன்னார்கள். பிள்ளைகள் ஓசூரில். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

பகலில் பெரிதாகத் தொந்தரவு இல்லை. இருட்டத் தொடங்கினால் வேறு ஆளாகிவிடுகிறார். மாங்கூழ் ஆலையில் நைட் ஷிப்ட் பார்த்தவர். சட்டைப் பொத்தானை ஏறுக்கு மாறாகப் போட்டுக்கொண்டு, காலி டிபன் கேரியரோடு வாசலுக்கு வந்துவிடுவார். "சீசன் நேரம், லோடு நிக்குது, வழிய விடு" என்பார். கேட்டைப் பூட்டினால் உலுக்கு உலுக்கென்று உலுக்குகிறார், என்மேலேயே கை ஓங்குகிறார். பொங்கலுக்குப் பிறகுதான் இவ்வளவு மோசம்.

சிறுநீரில் தொற்று இருந்தாலும் திடீரென்று இப்படி ஆகலாம் என்று டாக்டர் டெஸ்ட் எடுத்துப் பார்த்தார், ஒன்றுமில்லை. இருட்டும் முன்பே எல்லா லைட்டையும் போடுகிறேன். பகல் தூக்கத்தைக் குறைத்தேன், சாயங்காலக் காபியை நிறுத்தினேன் (அதற்குத் தனிச் சண்டை). மறதிக்குக் கொடுக்கும் டோனெபெசில் மாத்திரையை டாக்டர் காலைக்கு மாற்றியதில் கெட்ட கனவு நின்றது, கிளம்புவது நிற்கவில்லை. ஆவேசத்தை அடக்க க்யூட்டியாபின் 25 மி.கி. மாத்திரை கொடுத்தபோது காலையில் தள்ளாடினார், டாக்டரே நிறுத்தச் சொல்லிவிட்டார். ஷிப்ட் இல்லை என்று எடுத்துச் சொன்னால் கோபம் இன்னும் ஏறுகிறது. கூடவே கொஞ்ச தூரம் நடந்து திரும்பினால் அடங்குவார், ஆனால் என் முழங்கால் தினமும் அதற்கு ஒத்துழைக்காது. சட்டைப்பையில் என் நம்பர் எழுதிய சீட்டு இருக்கிறது, முனை டீக்கடையிலும் சொல்லி வைத்திருக்கிறேன்.

வீட்டில் இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்கள் சொல்லுங்கள்: அந்த ஒரு மணி நேரம் அவரைப் பூட்டி வைக்காமல், உட்கார்ந்த இடத்திலேயே எதில் ஈடுபடுத்தலாம்?