மூன்று மானிட்டர்களில் சாளரங்களை அதனதன் இடத்தில் நிறுத்துவது எப்படி?

மார்க்கர்மேசை (திருப்பூர்)

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் பேட்டர்ன் பிரிவில் வேலை செய்கிறேன். விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினியுடன் இரண்டு மானிட்டர்களை இணைத்திருக்கிறேன். நடுவில் இருப்பது 27 அங்குலம், 2560 × 1440. அதுவே முதன்மைத் திரை. அதற்கு இடப்புறம் 24 அங்குலம், 1920 × 1080. மடிக்கணினியின் திரை வலப்புறம் இருக்கிறது. அதில் மட்டும் எழுத்தளவை 125 விழுக்காடாக வைத்திருக்கிறேன், மற்றவை 100. நடுவில் மார்க்கர் (துணியில் வெட்ட வேண்டிய துண்டுகளின் அடுக்கு வரைபடம்) போடும் நிரல், இடப்பக்கம் அந்த நிரலின் பீஸ் பட்டியலும் அளவு விவரங்கள் கொண்ட ஸ்பெக் ஷீட்டும், வலப்பக்கம் மின்னஞ்சல் என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் மானிட்டர்கள் இரண்டும் அணைந்துவிடுகின்றன. மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மானிட்டர்கள் திரும்ப எரியும்போது சாளரங்கள் அத்தனையும் மடிக்கணினித் திரையில் குவிந்து கிடக்கின்றன. இது போதாதென்று, மார்க்கர் நிரலை மூடித் திறந்தால் பீஸ் பட்டியல் இடப்பக்கத்துக்குப் போகாமல் நடுத்திரையிலேயே வந்து நிற்கிறது. ஒரு சாளரத்தை மடிக்கணினியிலிருந்து நடுத்திரைக்கு இழுத்தால் அதன் அளவும் மாறிவிடுகிறது. மைக்ரோசாஃப்ட்டின் பவர்டாய்ஸ் என்ற இலவசக் கருவித் தொகுப்பில், திரையைக் கட்டங்களாகப் பிரித்துச் சாளரங்களை அவற்றில் பொருத்தும் ஃபேன்சிஜோன்ஸைப் போட்டுப் பார்த்தேன். எக்செல் கட்டுப்படுகிறது, மார்க்கர் நிரல் மட்டும் கட்டுப்பட மறுக்கிறது. சாளரங்களின் இடத்தையும் அளவையும் உறுதியாக நிறுத்தி வைக்க வேறு மென்பொருள் இருக்கிறதா?

பீளமேடு பராமரிப்பு (கோவை)

மென்பொருளைத் தேடுவதற்கு முன் மின்சாரத்தைக் கவனியுங்கள். உங்கள் முதல் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. மானிட்டரின் மின்சாரம் நின்றதும், மானிட்டர் இணைந்திருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் சமிக்ஞையும் பெரும்பாலும் அறுந்துவிடும். குறிப்பாக டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பில் இது வெளிப்படையாகத் தெரியும். ஆகவே விண்டோஸைப் பொறுத்தவரை மானிட்டர் அணையவில்லை, கழற்றப்பட்டுவிட்டது. இல்லாத திரையில் சாளரத்தை வைக்க முடியாது என்பதால் இருக்கிற திரைக்கு அதைக் கொண்டுவருகிறது. அதன் பார்வையில் இது சரியான செயல்தான்.

இந்த அளவிலுள்ள எல்.இ.டி மானிட்டர் ஒன்று பெரும்பாலும் 20 முதல் 40 வாட் வரைதான் எடுக்கும். பில்லிங் கணினிக்கு வைக்கும் சாதாரண 600 வி.ஏ யூ.பி.எஸ் இரண்டு மானிட்டர்களையும் ஜெனரேட்டர் எடுக்கும் வரை எளிதாகத் தாங்கும். மடிக்கணினிக்குத்தான் பேட்டரி இருக்கிறதே என்று யூ.பி.எஸ்ஸை நிறுத்திவிட்ட அலுவலகங்களில் இந்தத் தொல்லையை அடிக்கடி காண்கிறேன்.

அடுத்து, செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் என்று செல்லுங்கள். மானிட்டர் இணைப்பைப் பொறுத்துச் சாளரங்களின் இடத்தை நினைவில் வைக்கும் தேர்வு அங்கே உள்ளது. அது இயங்கினால் மானிட்டர் திரும்பி வந்ததும் சாளரங்களும் பழைய இடத்துக்குத் திரும்பும். விண்டோஸ் 10இல் இந்த வசதி கிடையாது. மானிட்டர் கழன்றால் சாளரங்களைச் சுருக்கிக் கீழே வைக்கும் தேர்வும் அதனருகிலேயே இருக்கிறது. இரண்டையும் இயக்கி வைப்பது நல்லது. கேபிளை எந்தத் துளையில் செருகினீர்களோ அதிலேயே எப்போதும் செருகுங்கள். துளை மாறினால் அதே மானிட்டரையே புதிய இணைப்பாகக் கணினி எடுத்துக்கொள்ளக்கூடும். பழைய நினைவு அப்போது பயன்படாது.

காளிங்கராயன் கரை (ஈரோடு)

மேலே உள்ளவர் முதல் கேள்விக்குச் சரியாகச் சொல்லிவிட்டார். மற்ற இரண்டுக்கும் காரணம் வேறு.

விண்டோஸ் எல்லா மானிட்டர்களையும் சேர்த்து ஒரே பெரிய பரப்பாகக் கணக்கிடுகிறது. முதன்மைத் திரையின் இடது மேல் மூலைதான் அந்தப் பரப்பின் சுழியம். வலப்புறம் போகப் போக எண் கூடும். இடப்புறம் போனால் எண் எதிர்மறையாகும். உங்கள் 24 அங்குலத் திரை நடுத்திரைக்கு இடப்பக்கம் இருப்பதால் அதன் கிடைமட்ட எண்கள் −1920இல் தொடங்கி −1இல் முடிகின்றன. ஒற்றைத் திரைக் காலத்தில் எழுதப்பட்ட நிரல்கள் பல, தாம் சேமித்து வைத்த இடத்தைப் படிக்கும்போது எதிர்மறை எண்ணைக் கண்டால் திரைக்கு வெளியே இருப்பதாக எண்ணி அதைச் சுழியமாக்கிவிடுகின்றன. பீஸ் பட்டியல் நடுத்திரைக்கே திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான். ஒரு திரையை டிஸ்ப்ளே அமைப்பில் முதன்மைத் திரையைவிடச் சற்று மேலே ஏற்றி வைத்திருந்தாலும் இதே கோளாறு செங்குத்து எண்ணில் வரும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

எனவே மானிட்டர்களின் இடத்தை மாற்றுவதையே பரிந்துரைக்கிறேன். 27 அங்குலத்தை இடது ஓரத்தில் வைத்து அதையே முதன்மையாக விடுங்கள். 24 அங்குலத்தை அதற்கு வலப்பக்கம் வையுங்கள். டிஸ்ப்ளே அமைப்பிலும் அதே வரிசையில் இழுத்து, மேல் விளிம்புகளை ஒரே கோட்டில் சேர்த்துவிடுங்கள். எந்த எண்ணும் எதிர்மறையாக இராது. கழுத்துக்கு இரண்டு நாள் பழக்கம் பிடிக்காது, அவ்வளவுதான்.

அளவு மாறுவதற்குக் காரணம் 125 விழுக்காடு. திரைக்குத் திரை அளவு மாறுவதை அறிந்த நிரலாக இருந்தால், மடிக்கணினியில் 1250 புள்ளி அகலமாக இருந்த சாளரம் 100 விழுக்காட்டுத் திரைக்கு வந்ததும் 1000 புள்ளியாகும். கண்ணுக்குத் தெரியும் எழுத்தின் அளவு மாறாமல் இருப்பதற்காகவே அது அப்படிச் செய்கிறது; அதைத் தடுக்க வேண்டியதில்லை. மார்க்கர் நிரலை மட்டும் எப்போதும் 100 விழுக்காட்டுத் திரையிலேயே திறந்து, அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேன்சிஜோன்ஸுக்கு அது கட்டுப்படாததற்கு, அந்த நிரல் நிர்வாகி உரிமையுடன் ஓடுகிறதா என்று பாருங்கள். தம் அமைப்புக் கோப்புகளைப் புரோகிராம் ஃபைல்ஸ் அடைவிலேயே எழுதும் பழைய நிரல்களை நிறுவுபவர்கள் அப்படித்தான் வைத்துவிட்டுப் போகிறார்கள். சாதாரண உரிமையில் ஓடும் நிரலால் நிர்வாகி உரிமையில் ஓடும் நிரலின் சாளரத்தை நகர்த்த முடியாது. பவர்டாய்ஸையும் நிர்வாகியாக இயக்கினால் கட்டுப்படும்.

அமராவதித் தறி (கரூர்)

ஃபேன்சிஜோன்ஸில் கட்டம் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு சாளரத்தையும் ஷிஃப்ட் விசையை அழுத்தி இழுத்துப் போடுவது எனக்கு வீண் வேலையாகவே படுகிறது. அதே பவர்டாய்ஸில் 2024இல் சேர்ந்த வொர்க்ஸ்பேசஸ் என்ற வசதி இருக்கிறது. சாளரங்களை வேண்டியபடி ஒருமுறை அடுக்கிப் பதிவு செய்துவிட்டால், ஒரே சொடுக்கில் நிரல்களைத் திறந்து அதனதன் இடத்தில் வைத்துவிடுகிறது. காலையில் கணினியைத் திறந்ததும் வேலையைத் தொடங்குபவர்களுக்கு இதுவே போதும். இடையில் ஏதேனும் ஒரு சாளரம் தப்பிப் போனால் விண்டோஸ் விசையையும் ஷிஃப்டையும் அழுத்திக்கொண்டு இடது அல்லது வலது அம்புக்குறியைத் தட்டுங்கள். அது அடுத்த மானிட்டருக்குத் தாவிவிடும்.

மார்க்கர்மேசை (திருப்பூர்)

மூவருக்கும் நன்றி. மானிட்டர்கள் இரண்டையும் யூ.பி.எஸ்ஸுக்கு மாற்றியபின் ஜெனரேட்டர் எடுக்கும்போது எதுவும் கலையவில்லை. ஈரோட்டுக்காரர் சொன்னபடி பெரிய மானிட்டரை இடது ஓரத்துக்குக் கொண்டு போனேன். மார்க்கரைத் தாளில் வரைந்து தரும் பிளாட்டரை ஒரு முழம் தள்ள வேண்டியிருந்தது, ஆனால் பீஸ் பட்டியல் இப்போது வைத்த இடத்திலேயே திறக்கிறது. நிரல் நிர்வாகி உரிமையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று மட்டும் மீதி: பிளாட் எடுப்பதற்கு முன் வரும் முன்னோட்டப் பெட்டி, திரையில் துண்டுகளை அடுக்கிய லே முழுவதையும் மறைத்துக்கொண்டு நடுவில்தான் திறக்கிறது. அதை ஃபேன்சிஜோன்ஸ் தொடுவதே இல்லை.

காளிங்கராயன் கரை (ஈரோடு)

அப்படிப்பட்ட பெட்டி தாய்ச் சாளரத்தைச் சார்ந்து திறக்கும் கிளைச் சாளரமாக இருக்கும். அவற்றை ஃபேன்சிஜோன்ஸ் இயல்பாக விட்டுவிடும். இதற்கு, விண்டோஸ் வேலைகளைத் தானாகச் செய்ய வைக்கும் ஆட்டோஹாட்கீ என்ற இலவச மென்பொருளில் சிறு நிரல் ஒன்று எழுதிக்கொள்வதே சுருக்கமான வழி. முன்னோட்டப் பெட்டியின் தலைப்பைக் கொடுத்து வின்வெய்ட் கட்டளையால் அது தோன்றும்வரை காத்திருந்து, தோன்றியதும் வின்மூவ் கட்டளையால் வேண்டிய இடத்துக்கு நகர்த்தச் சொல்லுங்கள். இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகளை அப்படியே நகலெடுக்க வேண்டாம். முதல் பதிப்பின் வின்மூவில் சாளரத் தலைப்பு முன்னால் வரும். இரண்டாம் பதிப்பில் இடமும் அளவும் முதலில் வந்து தலைப்பு அவற்றுக்குப் பின்னால் போய்விட்டது. மார்க்கர் நிரல் நிர்வாகி உரிமையில் ஓடுகிறவரை இந்தச் சிறு நிரலையும் நிர்வாகியாகவே இயக்க வேண்டும்.