பாதி முதலை, பாதி வாத்து: இடைநிலை விலங்குகள் எப்படித்தான் உயிர் பிழைத்தன?

கேள்வி: ஐயவினா

பரிணாமக் கொள்கையை நான் அடியோடு மறுப்பவன் அல்லன். ஆனால் முழு மனத்தோடு ஏற்கவும் முடியாமல் நிற்கிறேன். 2007ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் நடிகர் கிர்க் கேமரன், முதலைத் தலையும் வாத்து உடலும் ஒட்டிய ஒரு விலங்கின் படத்தைக் காட்டி, இடைநிலை விலங்கு என்றால் இப்படி ஒன்று கிடைத்திருக்க வேண்டாமா என்ற பொருளில் பேசினார். அந்தப் படத்தைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரித்து ஓய்ந்த பிறகும் கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

அன்றிலிருந்து இப்படிப்பட்ட விலங்குகளை நானே மனத்தில் வரைந்து பார்த்து வருகிறேன். நிலத்து விலங்கு திமிங்கிலமாக மாறியது என்கிறார்கள். அப்படியானால் முன்னங்கால் துடுப்பாகவும் பின்னங்கால் இன்னும் குளம்பாகவும் இருந்த காலத்தில் அது கரையில் ஓட முடியாமலும் கடலில் நீந்த முடியாமலும் தவித்திருக்காதா? பாதிச் சிறகு முளைத்த பல்லி, பறக்கவும் இயலாமல் முன்கால்களால் நடக்கவும் இயலாமல் என்ன செய்திருக்கும்? கடலடியில் தட்டையாகக் கிடக்கும் மாந்தல் மீனுக்கு இரண்டு கண்களும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஒரு கண் பாதி வழியில், தலையின் உச்சியில் நின்ற நாளில் அதனால் என்ன பயன்? எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர்வனவற்றின் தாடை எலும்புகளே நம் காதுக்குள் சென்றன என்று படித்தபோது எனக்குத் தலை சுற்றியது. வீட்டைப் புதுப்பிக்கிறவர் சில மாதம் வேறிடத்தில் குடியிருக்கலாம். ஓர் உயிருள்ள விலங்கு தன் தாடைக்கீலைக் கழற்றி மாட்டும் வரை எதைக் கொண்டு மென்றிருக்கும்?

வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: நெடுவழி

நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள், நண்பரே. முதலில் அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். அப்படியொரு விலங்கு நாளை உண்மையிலேயே அகப்பட்டால் மகிழ்ச்சி அடையப் போகிறவர்கள் பரிணாம ஆய்வாளர்கள் அல்லர். அவர்களுடைய கணக்குதான் அன்று உடைந்துபோகும். முதலையிலிருந்து வாத்து வந்தது என்று அவர்கள் சொல்லவே இல்லை. இரண்டுக்கும் பொதுவான மூதாதை ஒன்று ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது என்றும், அதிலிருந்து இரு கிளைகள் பிரிந்தன என்றுமே சொல்கிறார்கள். உங்களுக்கும் உங்கள் பெரியப்பா மகனுக்கும் பொதுவானவர் உங்கள் தாத்தா. அந்தத் தாத்தா பாதி நீங்களாகவும் பாதி அவராகவும் இருந்ததில்லை. அவர் அவராகவே இருந்தார். இன்றுள்ள இரண்டு விலங்குகளை வெட்டி ஒட்டினால் கிடைப்பது சிற்பத்தில் நாம் காணும் யாளி. மூதாதையை அந்த வழியில் தேடினால் எத்தனை காலமானாலும் கிடைக்காது.

திமிங்கிலத்தைப் பற்றி நீங்கள் சிரித்ததைப் போலவே டார்வினையும் சிரித்தார்கள். பரிணாமக் கொள்கையை விளக்கி 1859இல் வெளியிட்ட ‘உயிரினங்களின் தோற்றம்’ என்ற தம் நூலின் முதற் பதிப்பில், வட அமெரிக்கக் கருங்கரடி ஒன்று வாயை அகலத் திறந்தபடி மணிக்கணக்கில் நீந்திப் பூச்சிகளைப் பிடித்ததாக வந்த செய்தியைக் குறிப்பிட்டு, அத்தகைய கரடியினம் படிப்படியாகத் திமிங்கிலம் போன்ற ஒன்றாக மாறுவதில் தடை எதையும் தாம் காணவில்லை என்று அவர் எழுதினார். கேலி பலத்ததால் அடுத்த பதிப்பிலேயே அந்தக் கற்பனையை நீக்கிவிட்டார். கரடி என்ற ஊகம் தவறுதான். ஆனால் நிலத்திலிருந்து நீருக்கு என்ற திசை தவறவில்லை என்பதைப் புதைபடிவங்கள் பின்னர்க் காட்டின.

பாகிஸ்தானில் கிடைத்த பாக்கிசீட்டஸ் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. நான்கு கால்களால் நடந்த, ஓநாய் அளவிலான விலங்கு அது. வெளித்தோற்றத்தில் திமிங்கிலத்தின் சாயலே கிடையாது. ஆனால் அதன் காதுப்பகுதி எலும்பின் உட்சுவர், திமிங்கில வகைக்கே உரிய முறையில் தடித்து அடர்ந்திருக்கிறது. அதற்குச் சற்றுப் பின்னர் வாழ்ந்த ஆம்புலோசீட்டஸ், பெரிய பின்னங்கால்களால் நீரை உந்தி நீந்தியது. கரையிலும் ஓரளவு நடமாடியது. ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பாசிலோசாரஸ் முழுக்கக் கடலுக்கே உரியது. பதினைந்து மீட்டருக்கும் மேல் நீண்ட அந்த உடலில், முழங்காலும் விரல்களும் கூடிய மிகச் சிறிய பின்னங்கால்கள் இருந்தன. 2001இல் வெளியான ஆய்வுகளில், பழைய திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்பு, இரட்டைக் குளம்புள்ள விலங்குகளின் கணுக்கால் எலும்பைப் போலவே இருபுறமும் கப்பி வடிவில் இருப்பது தெரியவந்தது. இன்று திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய உயிருள்ள உறவு நீர்யானைதான்.

இவற்றுள் எதுவும் தவித்துக்கொண்டிருந்ததாக எண்ண வேண்டாம். நீர்நாயைப் பாருங்கள். நரியைப் போல ஓடவோ மீனைப் போல மூழ்கியே கிடக்கவோ அதனால் முடியாது. ஆனாலும் ஆற்றங்கரையில் அதைவிடத் திறமையாக மீன் பிடிக்கும் பாலூட்டி எது?

மறுமொழி 2: பட்டடை

தாடையைப் பற்றிய உங்கள் ஐயமே இக்கேள்விகளுள் மிகக் கூர்மையானது. உடற்கூறு கற்பிப்பவன் என்ற முறையில் அதற்கு மட்டும் விடை சொல்கிறேன்.

சுட்டுவிரலைக் காதின் முன்புறம், காதுத்துளையை ஒட்டி வைத்துக்கொண்டு வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஒன்று முன்னும் பின்னும் நகர்வது தெரியும். அதுதான் உங்கள் தாடைக்கீல். அதற்குச் சற்றுப் பின்னால், செவிப்பறையில் ஒட்டியபடி, ஒரு சென்டிமீட்டர்கூட நீளமில்லாத சுத்தி எலும்பும் அதை அடுத்துப் பட்டடை எலும்பும் இருக்கின்றன. ஊர்வனவற்றில் தாடைக்கீலாக இயங்குபவை இவ்விரண்டின் ஒப்பெலும்புகளே, அதாவது கருவில் அதே பகுதியிலிருந்து உருவாகும் இணை எலும்புகளே. ஆகவே, அவை தலையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பயணம் செய்யவில்லை. இருந்த இடத்துக்கு அருகிலேயே சுருங்கி, வேலையை மாற்றிக்கொண்டன. இவ்வெலும்புகளின் ஒப்புமையைக் கருவளர்ச்சியைக் கொண்டு ரைகர்ட் என்ற ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் 1837இலேயே விளக்கிவிட்டார். அப்போது டார்வினின் நூல் வெளிவர இன்னும் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தன. ஆகவே அதைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன சமாதானம் அன்று இது.

எதைக் கொண்டு மென்றது என்று கேட்டீர்கள். இரண்டு கீல்களையும் கொண்டு மென்றது. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மூஞ்சூறு அளவிலான மார்கனுக்கோடான் என்ற விலங்கின் தாடையில் பழைய கீலும் புதிய கீலும் அருகருகே இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் கிடைத்த இன்னொன்றுக்கு டையார்த்ரோக்னாத்தஸ் என்று பெயர்; ‘இருகீல் தாடை’ என்பதே அப்பெயரின் பொருள். புதிய கீல் பளுவைத் தாங்கத் தொடங்கிய பிறகே பழைய எலும்புகள் மெலிந்து, ஒலியை மட்டும் கடத்தும் நிலைக்கு வந்தன. நீங்கள் சொன்ன வீட்டு உவமையிலேயே சொல்வதானால், புதுச் சுவர் எழும்பிக் கூரையைத் தாங்கிய பின்னரே பழைய சுவரை இடித்தார்கள். ஒரு நாளும் எவரும் வெளியே குடியிருக்கவில்லை. இன்றும் ஒபாசம் என்ற பைப்பாலூட்டியின் குட்டி பிறக்கும்போது புதிய கீல் முழுமையாக உருவாகியிராது. சில நாள்களுக்குப் பழைய எலும்புகளே அதன் தாடையைத் தாங்குகின்றன.

மறுமொழி 3: ஐயவினா

விரலை வைத்துப் பார்த்தேன், ஐயா. தாடையைப் பற்றிய என் தடை நீங்கிவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு எஞ்சியிருக்கின்றன. முதலாவது, குரங்குக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட மூதாதை என்று 1912இல் இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்ட பில்ட்டவுன் மனிதன் வெறும் மோசடி என்று 1953இல் தெரிந்ததே. அப்படியிருக்க, மற்ற எலும்புகளை எதைக் கொண்டு நம்புவது? இரண்டாவது, அந்த மாந்தல் மீனின் கண்.

மறுமொழி 4: கடற்கழி

பில்ட்டவுன் எலும்புகள் மனித மண்டையோட்டையும் பற்கள் அராவப்பட்ட ஒராங்குட்டான் தாடையையும் சாயமேற்றிச் சேர்த்தவை. நாற்பது ஆண்டுகள் அது நீடித்தது வெட்கத்துக்குரியதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் அதைப் பிடித்தவர்களும் ஆய்வாளர்களே. எலும்பிலுள்ள ஃபுளோரினின் அளவைச் சோதித்தும், பற்களின் அராவல் கோடுகளை உருப்பெருக்கியில் பார்த்தும் பிடித்தார்கள். அதற்கு முன்பே, 1925இல் ரேமண்ட் டார்ட் விவரித்த, தென்னாப்பிரிக்காவில் கிடைத்த ‘டாங் குழந்தை’ என்ற தொல்மனித உறவினக் குழந்தையின் மண்டையோடு, சிறிய மூளையும் மனிதச் சாயலுள்ள பற்களும் கொண்டு, பில்ட்டவுனுக்கு நேர்மாறாக அமைந்திருந்தது. அத்தகையவை மேன்மேலும் கிடைக்கக் கிடைக்க, பில்ட்டவுன் எந்தக் கிளையிலும் பொருந்தாமல் தனித்து நின்றது. இருவேறு விலங்குகளை ஒட்டியது என்பதாலேயே அது பொருந்தவில்லை.

இனி மாந்தல். உங்கள் தடையை 1871இல் மைவர்ட் என்பவர் டார்வினிடமே எழுப்பினார். பாதி வழி வந்த கண்ணால் பயனில்லை என்பதே அவர் வாதமும். 2008இல் மாட் ஃபிரீட்மன், ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழமையுள்ள ஆம்ஃபிஸ்டியம், ஹெட்டரோனெக்டிஸ் என்ற இரு மீன்களின் புதைபடிவங்களை ஆராய்ந்து அதற்கு விடை தந்தார். புதிதாக எதையும் தோண்டி எடுக்க வேண்டியிருக்கவில்லை. அருங்காட்சியகங்களில் ஏற்கெனவே இருந்தவற்றையே உற்றுப் பார்த்தார். அம்மீன்களின் ஒரு கண் வழக்கமான இடத்தில் இருக்கிறது; மற்றது தலையுச்சியை நோக்கி நகர்ந்திருக்கிறது, ஆனால் மறுபக்கத்துக்கு வந்து சேரவில்லை. நீங்கள் மனத்தில் வரைந்து சிரித்த அதே மீன்.

அதனால் என்ன பயன் என்பதற்கு உயிருள்ள சான்றும் உண்டு. ப்செட்டோடஸ் என்ற தட்டைமீனின் இடம்பெயர்ந்த கண் இன்றும் தலையின் விளிம்போடு நின்றுவிடுகிறது. அது துடுப்புகளை ஊன்றி உடலைத் தரையிலிருந்து சற்றே உயர்த்திக்கொள்வதால் அந்தக் கண்ணுக்கும் பார்வை கிடைக்கிறது. மற்ற தட்டைமீன்களின் குஞ்சுகளை எடுத்துக்கொண்டாலும், முட்டையிலிருந்து வெளிவரும்போது பக்கத்துக்கு ஒரு கண்ணோடு மற்ற மீன்களைப் போல நிமிர்ந்தே நீந்துகின்றன. பின்னர் ஒரு கண் மெல்ல மெல்ல மேலேறி, உச்சியைக் கடந்து, மறுபக்கம் இறங்குகிறது. அந்த நாள்களிலும் குஞ்சு இரை தேடுகிறது, பகைக்குத் தப்புகிறது, வளர்கிறது.